காவலர் அறமும் வாலி வழக்கும்

கண்டி நகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் புறத்தே அமைந்தது பன்வில. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருட் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காப்பித் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டுத் தமிழகத்தினின்றும் கொணரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். காட்டை வெட்டி வெளியாக்கிய அம்முன்னோர் கையிற் கொணர்ந்த பொருள் சிறிது. நெஞ்சிற் கொணர்ந்த கதை பெரிது. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கூத்தும் மலையகத் தோட்டங்களில் வேரூன்றிய வரலாறு யாவரும் அறிந்ததே. அவற்றோடு இராமகாதையும் பாரதமும் வாய்மொழியாக வழங்கி வந்தன.

கதை கேட்போர் கேட்டதோடு அமைவதில்லை. அவர்கள் வழக்குரைப்பர். பொன்னிவளநாட்டைக் காக்கும் உடன்பிறந்தார் இருவருள் மூத்தவன் பொறுமையுடையான், இளையவன் சினமுடையான். நாட்டுக்கு அமைதி தந்தது எவன் குணம்? வளநாடு அமைதியுற்றிருத்தற்கு வேடர் தம் காட்டை இழத்தல் வேண்டுமோ? கூத்திலே வேடர் பக்கத்து நியாயத்தை உரைக்க ஆளில்லை. ஆயினும் படுகளக் காட்சியில் அண்ணன்மார் வீழ, தங்காள் அழும்போது, காண்போர் நெஞ்சில் இரக்கத்தின் ஊடே ஒரு வினாவும் எழாமற் போவதில்லை. காட்டை வெட்டிய கைகளின் வழிவந்தோர் நாடு காத்தவர் கதையைப் பார்த்து அழுகின்றனர். அவர்தம் முன்னோரோ வளநாட்டு வேந்தருமல்லர், காட்டுக்குரிய வேடருமல்லர். பிறர் நாட்டுக்காகக் காடழித்த கூலியாளர். கூத்தில் அவர்க்கு வேடமில்லை.

காவலராகக் கதையில் வருவோரின் அறத்தைக் கேட்போர் ஆராயும் இவ்வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பட்டிமண்டபம் என்னுஞ் சொல் சிலப்பதிகாரத்தும் மணிமேகலையினும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அச்சொல்லுக்குப் புத்துயிர் தந்தவை கம்பன் விழாக்கள். 1939ஆம் ஆண்டிற் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகமும், 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் எழுந்த கம்பன் கழகமும் இவ்வாதக் கலையை ஊர்தோறும் பரப்பின. 1943ஆம் ஆண்டில் சி. என். அண்ணாதுரை ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபுறமும் நின்று நிகழ்த்திய சொற்போர்கள் வேறு வகையின. அவற்றில் நூல் இருக்கலாமோ எரியலாமோ என்பதே வழக்கு. இராமன் செய்தது தகுமோ என்பது நூலுக்குள் நின்று கேட்கப்படும் கேள்வி. நூலை நேசிப்பவனே அதனைக் கேட்பான். அக்கேள்விகளுள் மிகப் பழையதும் இன்னும் முடியாததும் வாலி வழக்கு.

மேடையில் அவ்வழக்கு நிகழும் முறை ஏறக்குறைய எங்கும் ஒன்றே. மறைந்து நின்று அம்பெய்தது வீரமோ என ஒரு கட்சி கேட்கும். எதிர்நின்று பொருவார் வலியிற் பாதி வாலியைச் சென்றடையும் என்ற வரத்தை மறுகட்சி எடுத்துக்காட்டும். வாலி விலங்கு, விலங்கை வேட்டுவன் மறைந்துதானே எய்வான் என்பர் சிலர். விலங்காயின் அதற்கு அறமுரைத்துத் தண்டித்தல் எங்ஙனம் என்பர் வேறு சிலர். அவையோர் கைதட்டுவர், நடுவர் இருதரப்பையும் புகழ்ந்து தீர்ப்பளிப்பார். இவ்வளவிலும் வாதம் வில்லையும் மரத்தையுமே சுற்றிச் சுழல்வதைக் காணலாம். மறைந்து நின்றானா, வெளியே நின்றானா என்பது போர்முறை பற்றிய வினா. அதற்கு முன்னே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இருவர் பூசலுட் புகுந்து ஒருவனைத் தண்டித்தவன், தண்டிக்குமுன் அவ்விருவரையும் கேட்டானா?

வரத்தைப் பற்றிய வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது. அவ்வரத்தைக் கம்பர் அனுமன் வாயிலாக முன்னரே உரைத்திருந்தும், வாலி நேர்நின்று வினவுமிடத்து இராமனோ இலக்குவனோ அதனை விடையாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்காளியே கொண்டுவராத சான்றை அவனுக்காகப் பின்வந்தோர் கொண்டுவருதல் அன்பின் செயலாகலாம், நூலாராய்ச்சி ஆகாது.

வான்மீகத்தில் இராமன் கூறும் விடை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. மலையும் காடும் உட்பட இந்நிலம் இக்குவாகு மரபினர்க்கு உரியது. பரதன் அதனை ஆள்கிறான். அவன் ஆணையின்படி அறம் பிறழ்ந்தாரை ஒறுப்பது எம் கடன் என்பது அதன் சாரம். இராமன் இங்கே வேட்டுவனாகவோ நண்பனாகவோ மட்டும் பேசவில்லை. நிலத்தின் அமைதி காக்கும் அதிகாரியாகப் பேசுகிறான். அந்த உரிமையைக் கிட்கிந்தையார் எப்போது ஒப்பினர் என வாலி கேட்டிருக்கலாம். தன் நாட்டிலோ நகரிலோ யான் தீங்கிழைத்திலேனே என அவன் கேட்பதில் அவ்வினாவின் வித்து உளது. கம்பரோ இவ்வரசுரிமை வாதத்தை முன்னிறுத்தினாரல்லர். அவருடைய இராமன் பேசுவது பிறனில் விழைந்த குற்றத்தையும், குற்றமற்ற தம்பியைத் துரத்திய கொடுமையையும் பற்றியே. அதிகாரத்தைத் தளர்த்தி அறத்தை உயர்த்தினார் கம்பர். உயர்த்தியதனால் வழக்கு எளிதாகவில்லை, கடினமாயிற்று. அதிகாரியை அவன் ஆணைச்சீட்டைக் கொண்டு அளந்தால் போதும். அறவோனை அறத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

அங்ஙனம் அளக்குமிடத்துக் கதையின் அமைப்பே ஓர் உண்மையைக் காட்டுகின்றது. மாயாவி என்னும் அவுணனைத் துரத்திப் பிலத்துட் புகுந்தான் வாலி. வாயிலிற் காத்திருந்தான் சுக்கிரீவன். நெடுங்காலம் கழிந்தும் தமையன் மீளாமையால் இறந்தனன் எனக் கருதிப் பிலத்தின் வாயை அடைத்து மீண்டான். அமைச்சர் வற்புறுத்த முடிசூடினான். மீண்ட வாலி, தம்பி பணிந்துரைத்த சொல்லைக் கேளானாய் அவனைப் புடைத்துத் துரத்தினான். அவன் மனைவி உருமையையும் கவர்ந்தான். கேளாமையே வாலியின் முதற்குற்றம். உருமையைக் கவர்ந்தது அதன் வழிவந்தது. இராமன் வாலிக்கு விடையளிக்கும்போது இக்கேளாமையையே விரித்துக் குற்றஞ்சாட்டுகிறான். ஆனால் அக்குற்றச்சாட்டு வாலியின் செவியில் விழுவது அம்பு அவன் மார்பில் ஊன்றிய பின்னரே. தம்பி சொல்லைக் கேளாது தண்டித்தவனை, அவன் சொல்லைக் கேளாது தண்டித்தான் காவலன். இவ்வொப்புமையை மேடையில் எடுத்துரைப்பார் அரியர்.

தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. பெரிய கங்காணியின் காலத்தில் ஒரு குடும்பத்துச் சண்டை அவர் முன் சென்றால், தீர்ப்பவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே. அவர் கணக்கில் நிலுவையுள்ளவன் வேறு தோட்டம் நாடிப் போதலும் அரிது. அவன் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு அவனுக்கு முன்னே நடக்கும். அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. துரையிடம் முறையிடுவதாயினும் கணக்கப்பிள்ளை வாய்வழியே போதல் வேண்டும். முதலிற் சென்றவன் சொல்லே வழக்காகும். பின்வந்தவன் சொல் வெறும் மறுப்பாகும். முதலிற் சென்றவன் சுக்கிரீவன். அவன் பொய்யுரைத்தான் என்பதன்று. அவன் உரைத்தது மெய்யே. மெய்யேயாயினும் அது ஒருவன் கண்ட மெய். மேலும், கேட்டவனுக்கும் ஒரு தேவை இருந்தது. சீதையைத் தேடுதற்கு வானரப்படை வேண்டும். தேவையுடையான் ஒருவன் நடுவனாக அமர்தல் கூடுமோ? செங்கோன்மை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், ஆராய்தலை முதலிலும் கண்ணோடாமையை அதன் பின்னும் செயலை இறுதியிலும் வைத்த வரிசை இங்கே நினைவுகூரத்தக்கது.

உலக அரங்கில் இவ்வினா நூலாராய்ச்சியின் எல்லையைக் கடந்துவிட்டது. 1956ஆம் ஆண்டிற் சூயெஸ் நெருக்கடியை ஒட்டி ஐக்கிய நாடுகள் சபை அமைதி காக்கும் படை ஒன்றை அனுப்பிய காலந்தொட்டு, அத்தகைய படைக்கு மூன்று நெறிகள் உரைக்கப்பட்டு வருகின்றன: பூசலிடுவோர் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கன்றிப் படைக்கலம் எடாமை. இம்மூன்றையும் ருசியமூகத்தில் வைத்துப் பார்ப்பின் ஒன்றேனும் நிற்பதில்லை. காப்பியத்தைத் தற்கால விதியால் அளத்தல் முறையன்று எனச் சிலர் கூறலாம். ஆனால் அவ்விதிகள் எங்கிருந்தோ வந்தவையல்ல. இருவர் சண்டையில் மூன்றாமவன் எப்படி நிற்கவேண்டும் என்ற பழைய வினாவுக்கே அவை விடை. ஈழத்துத் தமிழ் வாசகர்க்கு அவ்வினா ஏட்டுச்சுரைக்காயுமன்று. 1987ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கையின்வழி இந்திய அமைதி காக்கும் படை வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது போரில் ஒரு தரப்பாயிற்று; 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீங்கியது. அமைதி காத்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் காப்பவன் யார், கேட்டது யார் சொல் என்று வினவும் பழக்கம் அவ்வாண்டுகளை வாழ்ந்தவர்க்கு ஒரு கல்வி தந்த பழக்கம்.

இனிக் கம்பர் இவ்வையத்தை அறியாரா என்னில், நன்கு அறிந்தார் என்பதற்கு நூலிலேயே சான்றுகள் உள. அம்பு தொடுக்குமுன் ஐயத்தைக் கிளப்புபவன் பகைவனல்லன், இலக்குவன். உடன்பிறந்தான் உயிரைக் கொள்ளக் கூற்றைக் கூட்டிவந்தவனை நம்புவதெங்ஙனம் என அவன் தமையனிடம் கேட்கிறான். எல்லாத் தம்பியரும் பரதனாதல் கூடுமோ என்ற கருத்தில் இராமன் விடையிறுக்கிறான். விடை அழகியது; ஐயத்தை ஆற்றுவது அன்று. இதே இலக்குவன்தான் பின்னர், மறைந்து எய்தது ஏன் என்ற வாலியின் இறுதி வினாவுக்கு விடை சொல்ல நேர்கிறது. முன்னே தம்பிக்கு அடைக்கலம் தந்தாயிற்று. நீயும் எதிரே வந்து அடைக்கலம் புகின் என் செய்வது என்று கருதியே மறைந்து எய்தான் என்பது அவன் உரை. வான்மீகத்தில் எல்லா விடையும் இராமன் வாய்ப்பட்டவை. இங்கே தலையாய வினாவுக்கு இராமன் வாய் திறக்கவில்லை. இலக்குவன் விடையின் பொருளையும் உன்னுதல் வேண்டும். வாலி பேசத் தொடங்கின் அவனையும் காக்க நேரும். ஆதலின் அவன் பேசுதற்கு இடமில்லாதபடி செய்யப்பட்டது. கேளாமைக்கு இதனினும் நேரிய ஒப்புதல் எங்குளது?

அதற்கும் முன்னே தாரை தடுத்த காட்சியைக் கருதுக. இராமன் துணைநிற்கிறான், செல்லற்க என்கிறாள் அவள். வாலி அவளைக் கடிகிறான். தம்பிக்கு அரசீந்தவன், அருளுடையான், உடன்பிறந்தார் போரின் இடையே அம்பு தொடுப்பானா என்பது அவன் வாதம். காவலனின் நடுநிலையைக் கிட்கிந்தையில் உள்ளபடியே நம்பியவன் வாலி ஒருவனே. அந்நம்பிக்கையோடு அவன் இறங்கிவந்தான். மார்பிற் பாய்ந்த கணையைப் பற்றிப் பிடித்து அதிற் பொறித்த பெயரைக் கண்டபோது அவன் நாணியதும் நகைத்ததும் இதனாலேயே. மேடையோர் அந்நகையை இறுமாப்பென்று கொள்வது போதாது; அது ஏமாந்தவன் நகை.

இவ்வழக்கில் எவரும் அழையாத சாட்சி ஒருத்தி உளள். அவள் உருமை. அவள் பொருட்டே வாலி குற்றவாளி ஆயினான். அவள் பொருட்டே நியாயம் உரைக்கப்படுகின்றது. இரு பெருங்கவிஞரும் அவளைப் பேசவைத்தாரல்லர் எனலாம். கவர்ந்தான் என்கிறார்கள், மீட்டான் என்கிறார்கள். ஒரு கையினின்று மறு கைக்கு அவள் மாறியதன்றி வேறு செய்தி இல்லை. வாலியைக் கேட்கவில்லை எனப் புலம்பும் கட்சியாரும் உருமையைக் கேட்க வேண்டும் என்று சொல்வதில்லை. மலையகத்தார் இவ்விடத்திற் பெருமூச்செறிந்தால் வியப்பில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் நட்பின் பொருட்டு ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் வழக்குப் பின்னர்த் தீர்க்கப்படும் என்பது அதன் கணக்கு. எண்ணப்பட்டவரை எவரும் கேட்டிலர். பன்வில போன்ற ஊர்களில் ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் இரு நாட்டினராகப் பிரியும் நிலை அக்கணக்கால் விளைந்தது. இரு நாட்டிடையே அமைதி நிலவியது உண்மை.

தாரை செய்தியிற் கம்பர் செய்த மாற்றம் இன்னும் நுட்பமானது. வான்மீகத்தில் வாலி இறந்தபின் தாரை சுக்கிரீவன் பக்கத்தினள் ஆகிறாள். உடன்பிறந்தான் மனைவியைக் கொண்டதற்காக ஒருவன் கொல்லப்பட, கொல்வித்தவன் அவன் மனைவியைக் கொண்டான் என்னும் நிலை அங்கே எழுகிறது. இறந்தபின் கொள்வதும் உயிரோடிருக்கக் கவர்வதும் ஒன்றல்ல என உரையாளர் அமைதி கூறலாம். கேட்போர் நெஞ்சு அமையாது. கம்பருடைய தாரை கைம்மைக்கோலம் பூண்டிருக்கிறாள். சினந்துவந்த இலக்குவன் அவளைக் கண்டு, அக்கோலத்திற் பிரிந்துவந்த தன் அன்னையரை நினைந்து தலைகுனிகிறான். வழக்கின் ஒரு புண்ணையேனும் கம்பர் கட்டினார். புண் உண்டென்று கருதாதவர் கட்டுவதெற்றுக்கு?

சாகும் வாலி இராமனிடம் கேட்ட இரண்டு வரங்களைப் பட்டிமண்டபங்கள் பெரும்பாலும் பத்திச் சுவைக்கே பயன்படுத்துகின்றன. அவை வழக்கின் தீர்ப்பாகவும் கொள்ளத்தக்கன. தம்பி மதுவுண்டு அறிவு திரிந்து பிழை செய்யினும், என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவற்க என்பது ஒன்று. தமையனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் அவனை இகழ்ந்தால் தடுத்தருள்க என்பது மற்றொன்று. இரண்டாவது வரம் இலக்குவன் முன்னர்க் கொண்ட ஐயத்துக்கு நேரே மறுமொழியாக அமைந்திருப்பது கருதத்தக்கது. வாலி அவ்வையத்தைச் செவியுற்றானல்லன். முதல் வரம் பின்னர் உண்மையாகவே தேவைப்பட்டது. கார்காலம் கழிந்தும் சுக்கிரீவன் மதுவில் மயங்கிச் சொன்ன சொல்லை மறந்தான். கிட்கிந்தையிற் குருதி சிந்தாது நின்றதற்குத் தாரையின் அறிவும் அனுமன் சூழ்ச்சியும் காரணமாயின என்பர். வாலி பெற்றுச் சென்ற வரத்தையும் அவற்றோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும். உடன்பிறந்தார் பூசலை முடித்தவன் அம்பெய்தவனா, அம்பேற்றவனா?

இவ்வளவும் கூறுதல் இராமனைச் சிறுமைப்படுத்தும் என அஞ்சுவோர் சிலப்பதிகாரத்தை நோக்குக. பொற்கொல்லன் சொல்லொன்றையே கேட்டுக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி வந்து பேசியபின் கேட்டான், சிலம்பு உடைந்தது, தானே கள்வன் எனச் சொல்லி உயிர்நீத்தான். தவறிய காவலனைத் தமிழ் மரபு மறைக்கவில்லை. மறைக்காததால் அவன் புகழ் குன்றவுமில்லை. பாண்டியன் வளைந்த கோலை உயிரால் நிமிர்த்தான். கிட்கிந்தையில் உயிர்விட்டவன் வழக்குத் தொடுத்தவன். காவலன் உயிரோடிருந்து, தந்தையை இழந்த மைந்தனின் முகத்தை நாள்தோறும் காணவேண்டியவனாயினான். இரண்டில் எது கடினம் என்பதையும் மன்றங்கள் வாதிக்கலாம்.

அங்கதன் காட்சியிற் கம்பர் வைத்த சொல் ஒன்றை ஆன்றோர் நெடுநாள் ஆராய்ந்து வருகின்றனர். வாலி தன் மகனைக் கைப்பிடித்து இராமனிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறான். அங்கதன் அடிபணிகிறான். இராமன் தன் பொன் உடைவாளை அவன் கையில் நீட்டி, இதனைப் பொறுப்பாயாக என்கிறான். பொறுத்தல் என்பது தாங்குதலுமாம், பிழையை மன்னித்தலுமாம். வாளைத் தாங்கு என்றானா, நிகழ்ந்ததைப் பொறு என்றானா என்பதைக் கவிஞர் விரித்துரைக்கவில்லை. இலக்குவன் விடையளித்தபோது வாய் திறவாதிருந்தவன் இப்போது பேசியது வாலியிடமன்று, அவன் பிள்ளையிடம். அங்கதன் வாளை வாங்கிக்கொண்டான். மறுமொழி ஏதும் அவன் உரைத்ததாகக் கம்பர் பாடவில்லை.